'ஆம்' என்று டிக் அடித்த பிறகு

டிசம்பர் 9

பொங்கல் லீவுக்கு அந்தமான். ஸ்வராஜ் தீவு, அதாவது பழைய ஹேவ்லாக். என்னைக் கேட்காமலே, சிலிண்டர் காற்றோடு கடலுக்கடியில் இறங்கும் ஸ்கூபாவுக்கு என்னையும் சேர்த்தே பணம் கட்டத் தயாராகிவிட்டான் தம்பி. டைவிங் கடையிலிருந்து வந்த மருத்துவப் படிவத்தில் 10 கேள்விகள். முதல் கேள்வியே நுரையீரலில்தான் தொடங்குகிறது. 'ஆம்' என்று அடித்தால் டாக்டர் கையெழுத்து வேண்டும். எனக்கு ஆஸ்துமா, என்ன செய்வது என்று கடைக்காரரிடம் போனில் கேட்டேன். "எப்பவாவது வர்றதுதானே மேடம்? 'இல்லை'ன்னு போட்டுடுங்க, எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

எட்டு வயதிலிருந்து இழுப்போடு குடித்தனம் நடத்துகிறேன். கடையை மாற்றச் சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 18

நுரையீரல் மருத்துவர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல இரு மடங்கு. அங்கே 3 லிட்டர் காற்றை இழுத்து அடக்கிக்கொண்டு ஏறினால், மேலே வரும்போது அது 6 லிட்டராக விரியும். மூச்சை விட்டுக்கொண்டே வந்தால் ஆபத்தில்லை. "உங்களுக்குச் சிக்கலே அந்த விடுறதுலதாம்மா. மூச்சுக்குழாய் சுருங்கிட்டா காற்று உள்ளேயே மாட்டிக்கும். நுரையீரல் கிழிஞ்சு, காற்றுக் குமிழி ரத்தத்துல கலந்து மூளைக்குப் போகலாம்."

சிலிண்டர் காற்று வேறு ஈரமே இல்லாதது. வாயில் கவ்வி மூச்சு விடும் ரெகுலேட்டர் வழியாக உப்புத் தண்ணீர் கொஞ்சம் சாரலாக உள்ளே போனாலும் இழுப்பு கிளம்பலாமாம். ஆஸ்துமா இருக்கிறதா என்று சோதிக்க உப்பு நீர்ச் சாரலை முகரவைக்கும் பரிசோதனையே உண்டு என்றார். நானோ காசு கொடுத்து அதைச் செய்துகொள்ளக் கிளம்பியிருக்கிறேன்.

டிசம்பர் 22

ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதவைத்து நுரையீரலைச் சோதிப்பது. "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்…" என்று டெக்னீஷியன் பிரசவ வார்டு நர்ஸ் மாதிரி கத்தினார். பிறகு டிரெட்மில்லில் ஓட்டம், மறுபடியும் ஊதல். முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவு எனக்கு எதிர்பார்ப்பில் 88 சதவீதம். ஓடிய பிறகு 6 சதவீதம் குறைந்தது. 15-ஐத் தொட்டிருந்தால் கையெழுத்து கிடைத்திருக்காது.

கையெழுத்துடன் நிபந்தனைகளும் வந்தன. தடுப்பு இன்ஹேலரை ஒரு வேளைகூட விடக்கூடாது. இழுப்பு வந்தால் அடிக்கும் நீல இன்ஹேலர் தேவைப்பட்டால் அதிலிருந்து 48 மணி நேரம் கடலில் இறங்கக்கூடாது. தினமும் காலையில், மூச்சை விடும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஊத வேண்டும்; என் உச்சம் 420, அதிலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல், அதாவது 378-க்குக் கீழே இறங்கியிருந்தால் கரையோடு சரி.

ஜனவரி 13

போகி. விடியற்காலை ஐந்தரைக்குத் தெருவெல்லாம் புகை. யாரோ டயரையும் போட்டுக் கொளுத்தியிருக்கிறார்கள். ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி அடைத்தும் பயனில்லை. நீல இன்ஹேலர், இரண்டு பஃப். அம்மா எதுவும் சொல்லாமல் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

ஜனவரி 15, ஸ்வராஜ் தீவு

ஏழு மணிக்கு டைவ். தம்பி விரல்விட்டு எண்ணினான்: "ஐந்தரையோட 48 முடிஞ்சிடுச்சுக்கா." மீட்டரில் 350. இன்னொரு முறை ஊதினேன், 345. மூன்றாவது முறை ஊதும்போது, எனக்கு வேண்டிய எண் வரும்வரை ஊதப்போகிறேன் என்று புரிந்து, அதைப் பைக்குள் போட்டேன்.

அவன் மட்டும் போனான். திரும்பி வந்து ஆமை பார்த்ததாகச் சொன்னான். முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

ஜனவரி 16

370. எட்டு போதவில்லை. நாளெல்லாம் இளநீர்.

ஜனவரி 17

400. நீமோ ரீஃப் என்ற பவளத்திட்டில் கரையிலிருந்தே நடந்து இறங்கினோம். பயிற்றுநர் மருத்துவர் தாளை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு, "ஏதாவது சரியில்லைன்னா கையை இப்படி ஆட்டுங்க, உடனே ஏறிடலாம், காசைப் பத்தி யோசிக்காதீங்க" என்றார். முதல் இரண்டு நிமிடம் என் மூச்சுச் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் காதில் விழவில்லை. உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. 8 மீட்டரில்தான் மீன்களைக் கவனித்தேன். ஏறும்போது என் குமிழிகளை முந்தாமல் மெதுவாக வந்தோம்.

கரையேறியதும் ஈரக் கையோடு மீட்டரைத் தேடி ஊதினேன். 390.

"மீனைப் பத்தி ஏதாவது சொல்லுக்கா" என்றான் தம்பி.