ஒஹாட்சுவின் பாதம்

ஏப்ரல் 6

டிக்கெட் கிடைத்துவிட்டது! நிப்பொன்பாஷியில் இருக்கும் தேசிய புன்ராக்கு (ஜப்பானியப் பொம்மலாட்டம்) அரங்கத்தில் அடுத்த வாரம் 'சொனேசாக்கி ஷிஞ்சூ' (சொனேசாக்கியில் காதலர் தற்கொலை) பார்க்கப் போகிறேன். ஒசாகாவுக்கு வேலைக்கு வந்ததிலிருந்தே மனதில் இருந்த ஆசை.

1703இல் இதே ஊரில் உண்மையாகவே நடந்த கதை இது. சோயா சாஸ் கடையில் வேலை பார்த்த தொக்குபெய் என்ற இளைஞனும், தென்மாயா என்ற விலைமகளிர் விடுதியில் இருந்த ஒஹாட்சுவும் சொனேசாக்கி கோயில் தோப்பில் சேர்ந்தே இறந்துபோனார்கள். ஊர் அதைப் பேசி முடிப்பதற்குள், ஒரே மாதத்தில், நாடகாசிரியர் சிக்கமட்சு மொன்சாயெமோன் அதைப் பொம்மலாட்ட நாடகமாக எழுதி மேடையேற்றிவிட்டார். அதற்கு முன்பெல்லாம் போர்வீரர்களும் பிரபுக்களும்தான் பெரிய பொம்மலாட்டக் கதைகளின் நாயகர்கள். பக்கத்துத் தெருக் கடைப் பையனும் அவன் காதலித்த பெண்ணும் மேடைக்கு வந்ததும் கூட்டம் அலைமோதி, அதை மேடையேற்றிய, கடனில் கிடந்த தக்கெமொத்தோ அரங்கமே மீண்டு எழுந்ததாம்.

ஏப்ரல் 13

இரவு வெகுநேரம் ஆகிவிட்டது, ஆனாலும் இப்போதே எழுதிவிட வேண்டும்.

கறுப்பு உடையும் முகமூடியும் போட்ட ஒருவர் மேடையில் வந்து நின்று "தோஸாய், தோஸாய்" என்று ராகமாக இழுத்து, பாடுபவர் பெயரையும் வாசிப்பவர் பெயரையும் சொன்னார், உடனே கைதட்டல் ஆரம்பித்துவிட்டது. வலது பக்கத்து மேடையில் தாயூ, அதாவது கதையைப் பாடிச் சொல்பவர், உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியக் கலைஞர். தாயூ பாடப்போகும் நூலை இரண்டு கையாலும் நெற்றிக்கு நேரே தூக்கி வணங்கிவிட்டுத்தான் வாயைத் திறந்தார். அதற்கப்புறம் ஆண் குரல், பெண் குரல், வில்லனின் சிரிப்பு, விசும்பல் எல்லாமே அந்த ஒருவரிடமிருந்துதான்!

ஒரு பொம்மைக்கு மூன்று பேர். தலையும் வலது கையும் ஒருவரிடம், இடது கை இன்னொருவரிடம், கால்கள் மூன்றாமவரிடம். கயிறு கிடையாது, மறைவும் கிடையாது, மூன்று பேரும் நம் கண் முன்னாலேயே நிற்கிறார்கள். கொஞ்ச நேரம் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்புறம் எப்போது அவர்கள் என் கண்ணிலிருந்து மறைந்தார்கள் என்றே தெரியவில்லை.

முதல் காட்சி இக்குத்தாமா கோயில். முதலாளியான மாமா பார்த்த சம்பந்தத்தை மறுத்துவிட்டு, அதற்காகத் தன் சிற்றன்னை வாங்கி வைத்திருந்த வெள்ளிப் பணத்தை மீட்டுக்கொண்டு வருகிறான் தொக்குபெய். அதை நண்பன் குஹெய்ஜிக்குக் கைமாற்றாகக் கொடுத்திருக்கிறான். குஹெய்ஜியோ கடன் பத்திரத்தில் இருப்பது தன் முத்திரையே இல்லை, எப்போதோ தொலைந்துபோன முத்திரையை வைத்து இவன் மோசடி செய்கிறான் என்று ஊர் கூடிய இடத்தில் சொல்லி, ஆள் வைத்து அடிக்கவும் செய்கிறான். பணம் போனதைக்கூடத் தாங்கியிருப்பான், நம்பிக்கையானவன் என்ற பெயர் போய்விட்டால் வியாபாரிகளின் ஊரில் அவன் யார்? எனக்கு இங்கேயே தொண்டை அடைத்துவிட்டது.

தென்மாயா விடுதியில் நடக்கும் இரண்டாவது காட்சிக்குத்தான் எல்லாரும் வருகிறார்கள். இருட்டில் வந்த தொக்குபெய்யைத் தன் அங்கிக்குள் மறைத்துக் கூட்டிவந்து திண்ணைக்கு அடியில் ஒளித்துவைக்கிறாள் ஒஹாட்சு. அந்த நேரம் பார்த்து குஹெய்ஜி வந்து வாய்க்கு வந்தபடி பேசுகிறான். கீழே கோபத்தில் துடிப்பவனைக் காலாலேயே அடக்கிக்கொண்டு, தனக்குத்தானே பேசுவதுபோல, அவருக்கு இனி சாவதைத் தவிர வழியில்லை, அவர் மனம் என்னவென்று தெரிய வேண்டும் என்கிறாள். தொக்குபெய் அவள் பாதத்தை எடுத்துத் தன் கழுத்தின் மேல் மெல்ல இழுக்கிறான். அவ்வளவுதான் பதில்.

புன்ராக்குவில் பெண் பொம்மைகளுக்குப் பொதுவாகக் கால் கிடையாது, அங்கியின் விளிம்பை அசைத்தே நடை காட்டுவார்கள். இந்தக் காட்சிக்காக மட்டும் ஒஹாட்சுவுக்கு ஒரு சின்ன வெள்ளைப் பாதம். மரத்தில் செதுக்கிய அந்தப் பாதம் நடுங்கியதைப் பார்த்து என் பக்கத்தில் இருந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார், நானும் அழுதுவிட்டேன்.

உடனே சிரிக்கவும் வைக்கிறார்கள். நள்ளிரவில் விளக்கு அணைந்துவிட, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் வேலைக்காரி சிக்கிமுக்கிக் கல்லைத் தேடித் தடுமாறுகிறாள், அரங்கம் முழுக்கச் சிரிப்பு. அவள் கல்லைத் தட்டத் தட்ட, ஒவ்வொரு தட்டுச் சத்தத்துக்குள்ளும் இவர்கள் இருவரும் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வெளியேறுகிறார்கள். சிரித்துக்கொண்டே இருந்தவர்கள் அப்படியே அடங்கிப்போனோம்.

கடைசியில் தோப்பை நோக்கிய நடை. விடியலின் ஏழு மணியோசையில் ஆறு ஒலித்துவிட்டது, மீதி ஒன்றுதான் இந்தப் பிறவியில் கேட்கும் கடைசி ஒலி என்று பல தாயூக்கள் சேர்ந்து பாட, ஷாமிசென்கள் ஒன்றாக முழங்குகின்றன. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஏப்ரல் 14

காலையில் ஒசாகாவின் உமேதா பகுதிக்குப் போய் அந்தச் சொனேசாக்கி கோயிலைப் பார்த்தேன். தோப்பு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, சுற்றிலும் சாப்பாட்டுக் கடைகளும் அலுவலகக் கட்டடங்களும்தான். ஆனால் ஊர் மக்கள் இதை இன்றும் 'ஒஹாட்சு தென்ஜின்' என்றுதான் கூப்பிடுகிறார்கள், முன்னூறு வருடத்துக்கு முன்னால் யாரும் மதிக்காத ஒரு பெண்ணின் பெயரால். இருவருக்கும் சிலை இருக்கிறது. இளம் ஜோடிகள் வந்து வேண்டிக்கொண்டு போகிறார்கள்.

ஏப்ரல் 21

இந்த நாடகத்துக்குப் பிறகு நிஜத்திலும் காதலர்கள் இப்படிச் சாகத் தொடங்கினார்கள் என்று 1723இல் அரசு இந்த வகை நாடகங்களையே தடை செய்தது. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் பார்த்த மேடையில் சாவு அழகாகத் தெரியவில்லை, ஒரு பத்திரமும் ஒரு பொய்யும் சேர்ந்து இரண்டு பேரை எப்படி மூலையில் தள்ளின என்பதுதான் தெரிந்தது.

நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்து, 1955இல்தான் இது பொம்மலாட்ட மேடைக்குத் திரும்பியது. அப்போது தொக்குபெய்யை ஆட்டிய யோஷிதா தமாவோ, வாழ்நாளில் ஆயிரம் தடவைக்கு மேல் அதே பாத்திரத்தை ஆட்டியிருக்கிறார். கால் ஆட்டப் பழகவே பத்து வருடம், இடது கைக்கு இன்னொரு பத்து வருடம் என்பார்கள் இங்கே.

அலுவலகத் தோழியிடம் ஒரு வாரமாக இதையேதான் பேசிக்கொண்டிருக்கிறேன். தென்மாயா காட்சியை மட்டும் பார்க்கலாமா என்று கேட்டார். ஒரு காட்சிக்கு மட்டும் டிக்கெட் உண்டு, ஆனால் முழுசாகப் பாருங்கள், அந்தப் பத்திரத்தின் கதை தெரியாமல் பாதத்தைப் பார்த்து என்ன பயன் என்று சொல்லியிருக்கிறேன். இந்த வாரமே போகிறோம், இந்தத் தடவை வலது பக்கம், தாயூவின் முகம் தெரிகிற இடத்தில்.