புராஸ்டேட் கதிர்வீச்சின் பக்கவிளைவுகள்: எது எப்போது வரும், எது எப்போது போகும்

எனக்கு 68 வயதில், சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் உறுதியானது. பி.எஸ்.ஏ. (அந்தச் சுரப்பி இரத்தத்தில் விடும் புரதத்தின் அளவு) 14, கிளீசன் மதிப்பெண் (சதைப் பரிசோதனையில் புற்றுநோயின் வீரியத்தைக் காட்டுவது) 7. நோய் சுரப்பியைத் தாண்டிப் பரவவில்லை என்று ஸ்கேன் காட்டியது. அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் நோயைக் கட்டுப்படுத்துவதில் ஏறக்குறைய ஒன்றுதான், பக்கவிளைவுகளில்தான் வேறுபாடு என்று மருத்துவர் விளக்கினார். இருதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின் சாப்பிட்டு வருபவன் என்பதால் கதிர்வீச்சைத் தேர்ந்தெடுத்தேன். சிகிச்சை முடிந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. இதன் தொல்லைகளில் சில சிகிச்சையின் நடுவில் வந்து சில வாரங்களில் போய்விடுகின்றன. சில ஓராண்டு கழித்துத்தான் தலைகாட்டுகின்றன. இந்தக் காலக்கணக்கு முன்பே தெரிந்திருந்தால் பாதிப் பயம் குறையும் என்பதே இதை எழுதக் காரணம்.

எங்கள் பக்கத்தில் இதைக் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள். மேசையில் படுத்திருக்கும்போது சூடோ வலியோ எதுவும் தெரியாது. முன்பெல்லாம் 37 முதல் 39 சிட்டிங் வரை கொடுத்தார்கள். இப்போது பலருக்கும், எனக்கும் அப்படித்தான், நான்கு வாரங்களில் 20 சிட்டிங்காக மொத்தம் 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் மலக்குடல் காலியாகவும் சிறுநீர்ப்பை நிறைந்தும் இருக்க வேண்டும். நிறைந்த சிறுநீர்ப்பை, தன் மேற்பகுதியையும் சிறுகுடலையும் கதிர் பாயும் இடத்திலிருந்து விலக்கி வைக்கிறது. மலக்குடலோ புராஸ்டேட்டை ஒட்டியே பின்னால் இருப்பதால், அதில் வாயு நிறைந்திருந்தால் சுரப்பியே இடம் மாறிவிடும். அரை லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, இயந்திரம் தாமதமாகும் நாளில் தொடைகளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் இந்தச் சிகிச்சையின் அன்றாடக் கஷ்டம். ஒருநாள் மேசையில் எடுத்த ஸ்கேனில் வாயு தெரிந்ததால் என்னை இறக்கி, வராந்தாவில் நடக்கவிட்டு, மறுபடியும் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். அன்று முதல் சுண்டல், மொச்சை, முட்டைக்கோஸ் ஆகியவற்றை வீட்டில் நிறுத்திவிட்டோம்.

இரண்டாவது வாரத்தின் முடிவில் சிறுநீர்த் தொல்லை தொடங்கியது. நீர்க்கடுப்பு, மெலிந்த தாரை, வந்த உணர்வை அடக்க முடியாத அவசரம், இரவில் மணிக்கொரு முறை எழுந்திருத்தல் ஆகிய எல்லாமே கதிர்பட்ட சிறுநீர்ப்பையும் சிறுநீர்க் குழாயும் அழன்றிருப்பதன் அடையாளங்கள். கிருமித் தொற்று இல்லை என்று சிறுநீர்ப் பரிசோதனையில் உறுதி செய்த பிறகு டாம்சுலோசின் மாத்திரை கொடுத்தார்கள். அதில் தாரை ஓரளவு சீரானது. அடிக்கடி போக வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரைக் குறைப்பவர்களைக் காத்திருக்கும் கூடத்தில் நிறையப் பார்த்தேன். சிறுநீர் அடர்ந்தால் எரிச்சல் கூடத்தான் செய்யும். பகலில் போதிய அளவு குடித்து, மாலை ஏழு மணிக்குப் பிறகு குறைத்துக்கொண்டு, காபியை விட்டதுதான் எனக்கு உதவியது. சொட்டுக்கூட வராமல் அடைத்துக்கொண்டால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மூன்றாவது வாரத்தில் மலம் இளகியது, சீதம் போனது, ஒன்றுமில்லாமலேயே முக்கும் உணர்வு வந்தது. இட்லி, தயிர்சாதம், நன்றாக வெந்த பீர்க்கங்காய் என்று உணவைச் சுருக்கிக்கொண்டேன். கீரையையும் காரத்தையும் ஒதுக்கினேன். உடற்சோர்வு இதையெல்லாம்விடப் பெரிய தொல்லை. அதில் ஒரு பகுதி இரவுத் தூக்கம் கெட்டதால் வந்தது. இன்னொரு பகுதி ஹார்மோன் ஊசியால் வந்தது. இந்தப் புற்றுநோய்க்குத் தீனியாகும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அடக்குவதற்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்த ஊசியால் திடீரென்று முகமும் மார்பும் கொதித்து வியர்க்கும், தசை வற்றி வயிறு பெருக்கும். மாலையில் அரை மணி நேரம் நடந்துவிட்டு வந்த நாள்களில் சோர்வு குறைவாக இருந்தது. படுத்தே கிடந்த நாள்களில் அது ஏறியதே தவிர இறங்கவில்லை. பேரக்குழந்தைகளைப் பக்கத்தில் விடலாமா என்று உறவினர்கள் தயங்கினார்கள். வெளியிலிருந்து இயந்திரத்தால் செலுத்தும் கதிர்வீச்சு உடம்பில் தங்குவதில்லை என்பதால் குழந்தைகளைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம்.

கடைசி சிட்டிங் முடிந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று குடும்பத்தினர் நம்புவார்கள். உண்மையில் முடிந்த பிறகான முதல் இரண்டு வாரங்கள்தான் உச்சம். எனக்கும் அப்படியே இருந்தது. பிறகு மெல்லத் தணிந்து, மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் அடங்கியது.

ஏறக்குறைய ஓராண்டு கழித்து, மலம் கழித்த பிறகு பளிச்சென்ற சிவப்பு இரத்தம் சொட்டியது. வலி எதுவும் இல்லை. வீட்டில் எல்லோரும் மூலம் என்றே முடிவு கட்டினார்கள். மூலத்துக்கு ஊசி போடும் ஒரு மருத்துவமனையின் விலாசத்தைக்கூட ஒரு நண்பர் எழுதிக் கொடுத்தார். நான் அங்கே போகாமல், கதிர்வீச்சு அளவும் தேதிகளும் கொண்ட டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு குடல்நோய் மருத்துவரிடம் போனேன். கதிர்பட்ட மலக்குடலின் முன்சுவரில் மாதங்கள் கழித்து மெல்லிய இரத்தக் குழாய்கள் சிலந்திவலைபோல் புதிதாக முளைக்கின்றன. அவை எளிதில் உடைந்து கசிகின்றன. ஆஸ்பிரின் சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கசிவு கூடுதலாக இருக்கும். அந்தச் சுவர் ஆறும் திறன் குறைந்தது. தெரியாமல் அங்கே பயாப்ஸிக்குச் சதை எடுத்தாலோ, மூலம் என்று ஊசி போட்டாலோ, ஆறாத புண்ணாகி, மலக்குடலுக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் இடையே துளை விழும் அபாயம்கூட உண்டு. அதனால் உள்நோக்கிக் கருவியை ஆசனவாயில் நுழைப்பதற்கு முன்பே கதிர்வீச்சு எடுத்திருப்பதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். எனக்குக் குடலில் வேறு நோய் இல்லை என்று பார்த்துவிட்டு, மலம் இறுகாமல் இருக்க இசப்கோல் மட்டும் கொடுத்தார்கள். சில மாதங்களில் கசிவு நின்றது. நிற்காதவர்களுக்கு ஆர்கான் பிளாஸ்மா (மின்சாரம் பாய்ச்சிய ஆர்கான் வாயு) கொண்டு அந்தக் குழாய்களைச் சுட்டு அடைக்கிறார்கள். ஆஸ்பிரினை நானாக நிறுத்தவில்லை. ஸ்டென்ட் உள்ளவர்கள் இருதய மருத்துவரைக் கேட்காமல் அதில் கைவைக்கவே கூடாது.

தாம்பத்தியம் பற்றி எந்த மருத்துவரும் தாமாகப் பேசவில்லை. மனைவியை அருகில் வைத்துக்கொண்டு நானே கேட்டேன். ஹார்மோன் ஊசி ஆசையையே அடக்கிவிடும். ஊசியை நிறுத்திச் சில மாதங்கள் கழித்து அது பெரும்பாலும் திரும்பும், வயதானவர்களுக்குத் தாமதமாகும். விறைப்புத் தன்மையோ அறுவை சிகிச்சையில்போல் உடனே போகாமல், ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைகிறது, விந்தும் வற்றிவிடுகிறது. சில்டெனாபில் போன்ற மாத்திரைகள் பலருக்குப் பயன் தருகின்றன. ஆனால் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர்கள் அவற்றைத் தொடவே கூடாது, இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். எங்களைப் போன்ற வயதினர் இதைக் கேட்கக் கூச்சப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் மருந்துக் கடையில் வாங்குவதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது.

இப்போது இரவில் ஒன்றிரண்டு முறை எழுந்திருக்கிறேன். காலைக்கடன் இரண்டு தவணையாக முடியும்வரை வெளியூர்ப் பேருந்தில் ஏறுவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ. பார்க்கிறேன், நடுவில் ஒருமுறை அது சற்று ஏறித் தானாகவே இறங்கியது. கதிர்வீச்சுக்குப் பிறகு இப்படி நேர்வது உண்டு. சிகிச்சைக்குப் பிறகு பி.எஸ்.ஏ. தொட்ட மிகக் குறைந்த அளவைவிட 2 நானோகிராம் கூடினால்தான் நோய் திரும்பியதாகக் கணக்கு. சிறுநீரில் இரத்தம் எத்தனை ஆண்டு கழித்து வந்தாலும், பழைய கதிர்வீச்சின் விளைவுதான் என்று விட்டுவிடாமல் சிறுநீர்ப்பைக்குள் கருவி விட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று கடைசி வருகையில் மருத்துவர் சொல்லியிருக்கிறார். எனக்கு அது இதுவரை வரவில்லை.