லயத்துக்குள் எத்தனை பாகை? நவம்பர் 2023 நாட்குறிப்பு

நவம்பர் 6, திங்கள்

மலையில் டெங்கு பரவுவதைக் கணக்கிடும் என் ஆய்வேட்டுக்குப் பரீட்சகரின் அறிக்கை இன்றும் வரவில்லை. இரண்டு மணிக்கே மழை பிடித்துக்கொண்டது, சிக்னலும் போய்விட்டது.

நவம்பர் 7, செவ்வாய்

காலை ஆறு மணி. எங்கள் லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின், வாசலில் 14 பாகை செல்சியஸ். உள்ளே, அலுமாரிக்குப் பின்னால், 21. அம்மா அடுப்பு மூட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

இந்த ஏழு பாகைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி 16 பாகையை ஒட்டியது. நுளம்பு குடித்த வைரஸ் அதன் உடம்புக்குள் பெருகி எச்சிலுக்கு வந்து சேர, நல்ல வெப்பத்தில் பத்து நாள் மட்டில் போதும். குளிரக் குளிர அந்த நாட்கள் நீளும். 16 பாகையைப் போட்டுக் கணக்கை ஓட்டினால் வைரஸ் முற்றுமுன் நுளம்பு செத்துவிடுகிறது, மலைக்கு டெங்கு இல்லை என்று விடை வருகிறது. ஆனால் டெங்குவைப் பரப்பும் ஈஜிப்டை நுளம்பு பகலெல்லாம் ஒதுங்கிக் கிடப்பது கட்டிலுக்கு அடியிலும், ஆணியில் தொங்கும் சட்டைகளுக்குள்ளும். அந்த இடத்தின் வெப்பத்தை யாராவது அளந்து எழுதி வைக்கிறார்களா?

நவம்பர் 9, வியாழன்

என் ஆய்வை வழிநடத்தும் சேர் போனில் கேட்டார்: "நீங்கள் அங்கே பிடித்த குடம்பிகளில் பாதிக்கு மேல் அல்போபிக்டஸ்தானே, அது வெளியே புதர்களில் இருப்பது, உள் வெப்பம் அதற்கு என்ன செய்யும்?" நியாயமான கேள்விதான். இரவு முழுக்க அதே யோசனை. டெங்குவைப் பரப்பும் இன்னொரு இனமான அல்போபிக்டஸ், ஈஜிப்டையைவிடக் குளிரை இன்னும் கொஞ்சம் தாங்கும், அதனால் இரண்டுக்கும் தனித்தனி வளைகோடு வேண்டும், தனித்தனி வெப்பநிலையும் வேண்டும்.

அப்புறம் பழையபடி அடுக்கில், ஓர் எண்ணை அதனாலேயே எத்தனை முறை பெருக்குவது என்பதில், வந்து நின்றேன். ஒரு நுளம்பு ஒரு நாளைத் தாண்டிப் பிழைக்கும் வாய்ப்பு 0.9 என்று வைத்துக்கொண்டால், பத்து நாள் பிழைக்க 0.35, இருபது நாள் பிழைக்க 0.12. நாட்கள் அடுக்கில் உட்கார்ந்திருப்பதால் சின்ன வித்தியாசமும் விடையைப் புரட்டிவிடுகிறது. மலேரியாவை ஆராய்ந்த ரொனால்ட் ரோஸ் 1911இலேயே காட்டிவிட்டார், நுளம்பை ஒன்று விடாமல் கொல்லத் தேவையில்லை, ஒரு எல்லைக்குக் கீழே இறக்கினால் நோய் தானாக அற்றுப்போகும் என்று. அவருக்குப் பின் வந்த மலேரியா ஆய்வாளர் ஜோர்ஜ் மக்டொனால்ட் 1950களில் அதை எடுத்து, எண்ணிக்கையைவிட வளர்ந்த நுளம்பின் ஆயுள்தான் பெரிய பிடி என்றார். எத்தனை முறை படித்தாலும் மெய் சிலிர்க்கும் இடம் எனக்கு அது. ஆனால் எங்கள் லயத்தில் பீலித் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தான். தண்ணீர் சேர்த்து வைக்காதே, பீப்பாயைக் கவிழ்த்து வை என்று யாரிடம் போய்ச் சொல்வது? தண்ணீர் வரும் நேரமும் என் சமன்பாட்டுக்குள் வர வேண்டும், வந்தே ஆக வேண்டும்.

நவம்பர் 11, சனி

தம்பி வந்துவிட்டான். புறக்கோட்டையிலிருந்து ஹட்டன் வரை நின்றுகொண்டே வந்தானாம். பஸ் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை, கொழும்புக் கடைகளில் நிற்கும் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் பையோடு இறங்குகிறார்கள். 2017இல் நாடு முழுக்க 186,101 பேருக்கு டெங்கு, அதிகம் மேல் மாகாணத்தில். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அங்கிருந்து மலைக்கு எத்தனை பேர் ஏறி வருகிறார்கள் என்ற எண் எந்தக் கோப்பிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. வேலை செய்யவில்லை.

நவம்பர் 13, திங்கள்

தம்பிக்குக் காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்கிறான்.

வந்து இரண்டு நாள்தான். கடித்த பிறகு காய்ச்சல் காட்ட குறைந்தது நாலு நாளாவது வேண்டும், அப்படியென்றால் கொழும்பில் கடித்தது. இனி ஒரு ஐந்து நாளைக்கு இங்கே அவனைக் கடிக்கும் நுளம்பு எல்லாம் எனக்குக் கவலை. பகலிலும் வலைக்குள் படுக்கட்டும் என்றேன். "பகல்ல யாரு புள்ள வலை கட்டுவா?" என்றார் அம்மா. நானே கட்டினேன்.

நவம்பர் 15, புதன்

பரசிட்டமோல் மட்டும். வேறு எந்த வலி மாத்திரையும் வேண்டாம் என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். இரத்தப் பரிசோதனையில் பிளேட்லட் 118,000. வாட்டில் சேர்த்தாயிற்று.

நவம்பர் 16, வியாழன்

காய்ச்சல் விட்டது. அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு வயிற்றைப் பிசைகிறது, ஏனென்றால் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். பிளேட்லட் 84,000. பி.சி.வி., அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் வீதம், நீர் கசிந்தால் ஏறும்; நேற்று 41, இன்று 46. குடித்தது எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு என்று மணிக்கு மணி எழுதுகிறேன். "அக்கா, எனக்குத் தூக்கம் வருது, விடுங்க" என்கிறான்.

நோயாளியைச் சுகாதாரத் துறைக்கு அறிவிக்கும் 544 படிவத்தில் தோட்டத்து முகவரி எழுதினார்கள். கொழும்பில் தொற்றியது என்றும் குறியுங்கள் என்று கேட்டேன். வீட்டு முகவரி போதும் என்றார்கள். இவ்வளவு காலமாக நான் நுவரெலியா மாவட்டக் கணக்கு என்று எடுத்துப் போட்டதில் எத்தனை பேர் இப்படி பஸ்ஸில் வந்தவர்கள்? வாட்டில் பக்கத்துக் கட்டில்களில் இருப்பவர்களிடம் கேட்டேன். இரண்டு பேர் கொழும்பு வெள்ளவத்தையில் கடையில் நிற்பவர்கள். ஒரு பாட்டி மட்டும் ஹட்டனைத் தாண்டிப் போனதே இல்லையாம். அந்தப் பாட்டியின் வீட்டுக்குள் எத்தனை பாகை என்று தெரிய வேண்டும்.

நவம்பர் 17, வெள்ளி

பி.சி.வி. 43. சிறுநீர் நன்றாகப் போகிறது. கஞ்சி கேட்டுக் குடித்தான்.

அறிக்கை மின்னஞ்சலில் வந்திருக்கிறது. இன்னும் திறக்கவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) நாளை லயத்துக்கு வருகிறாராம், பாட்டியின் தோட்டத்துக்கும் போவாராம். வெப்பமானியோடு என்னையும் கூட்டிப் போவாரா என்று கேட்க வேண்டும்.