எஸ்எஸ்டி மாட்டுவது அரை மணி நேர வேலையாம்

பழைய ஹார்டு டிஸ்க் கரகரவென்று முனக ஆரம்பித்ததும் அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தகவல் சேமிக்கும் டிரைவ்) வாங்கினேன்: கேபிளில் மாட்டும் 2.5 அங்குல சாட்டா வகை இரண்டு, மதர்போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 வகை ஒன்று. நாலு ஸ்க்ரூ, ரெண்டு கேபிள், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று சாயங்காலம் உட்கார்ந்தேன். எழுந்திருக்கும்போது வீடே தூங்கிவிட்டிருந்தது.

என் கேபினெட் கொஞ்சம் பழசு. உள்ளே இருப்பதெல்லாம் 3.5 அங்குல டிஸ்க்குக்கான தட்டுகள், அதில் எஸ்எஸ்டியை வைத்தால் அப்பா செருப்பில் குழந்தை கால் விட்ட மாதிரி இருக்கிறது. பிராக்கெட் தனியாக வாங்க வேண்டுமோ என்று சலித்துக்கொண்டே தட்டைத் திருப்பினால், அடியில் நாலு சின்னத் துளைகள். எஸ்எஸ்டியின் அடிப்பக்கத் துளைகளோடு அச்சாகப் பொருந்தின.

அப்புறம் ஸ்க்ரூ. டப்பாவில் கிடந்த ஒன்றை எடுத்துத் திருகினேன், அரைச் சுற்றிலேயே இறுகிவிட்டது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருகலாமே என்று கை பரபரத்தது, நல்லவேளை நிறுத்தினேன். அது 3.5 அங்குல ஹார்டு டிஸ்க்குக்கான 6-32 ஸ்க்ரூ, எஸ்எஸ்டிக்கு வேண்டியது எம்3. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும்: எம்3க்கு மரை நெருக்கமாக இருக்கும், 6-32 கொஞ்சம் தடிமன், மரையும் அகலம். சரியான ஸ்க்ரூ என்றால் முதல் இரண்டு மூன்று சுற்று விரலாலேயே போய்விடும், ஸ்க்ரூடிரைவரே வேண்டாம்.

இரண்டாவது எஸ்எஸ்டியை மதர்போர்டுக்குப் பின்பக்கம் மாட்டினேன். அங்கே பவர் கேபிள் விறைத்துக்கொண்டு நின்றதால் பக்கக் கதவு மூடவில்லை. உள்ளே சுழலும் பாகம் எதுவும் இல்லாததால் எஸ்எஸ்டியைத் தலைகீழாகக்கூட மாட்டலாம். திருப்பி வைத்ததும் கேபிள் படிந்தது, ஆனால் நீளம் போதவில்லை. பழைய எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) கழற்றி வைத்த மாடுலர் கேபிள், அதாவது தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய கேபிள், ஒன்று இருந்தது, முனையும் பார்க்க ஒரே மாதிரிதான். அதை மட்டும் மாட்டிவிடாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை மாடலுக்கு மாடல் மாறும், தப்பான பின்னில் 12 வோல்ட் ஏறினால் டிரைவ் காலி. நான் இப்போதைய எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த பெட்டியைத் துழாவி அதனுடைய கேபிளையே தேடி எடுத்தேன்.

எம்.2 மாட்ட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சாய்வாகச் செருகி, கீழே அழுத்தி, ஒரு குட்டி ஸ்க்ரூ. ஹீட்சிங்க் (சூடு தணிக்கும் உலோகத் தகடு) பேடில் இருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காமல் இருந்தால் சரி.

எல்லாம் முடிந்தது என்று ஆன் செய்தால் பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) ஒரு சாட்டா எஸ்எஸ்டியைக் காணோம். கேபிளை மாற்றினேன், பவரைப் பிடுங்கிச் செருகினேன், புதுசே பழுதோ என்று விற்றவரை மனதுக்குள் திட்டவும் திட்டினேன். கடைசியில் மதர்போர்டு கையேட்டைத் திறந்தால் பொடி எழுத்தில் ஒரு வரி: இந்த எம்.2 ஸ்லாட்டில் டிரைவ் இருந்தால் 5, 6ஆம் சாட்டா போர்ட்கள் வேலை செய்யாது. எல்லா போர்டிலும் இப்படி இல்லை, என் போர்டில் இருந்தது. கேபிளை 5இலிருந்து 2க்கு மாற்றியதும் வந்துவிட்டது.

விண்டோஸில் மறுபடியும் காணோம். இந்த முறை பதறவில்லை. டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் ஜிபிடி (டிஸ்க்கைப் பகுதி பிரிக்கும் முறை) என்று இனிஷியலைஸ் செய்து, ஃபார்மட் போட்டேன். கதவை மூடிவிட்டுப் பார்த்தால் மேசையில் ஒரு எம்3 ஸ்க்ரூ மிச்சம். எண்ணிப் பார்த்தேன், பின்பக்க எஸ்எஸ்டி மூன்றில்தான் நிற்கிறது. நிற்கட்டும், அது என்ன கனமா கனக்கிறது.