ஒன்றரைப் படி சாமை

ஜூலை 19
ஆயா அரைத் தம்ளர் கஞ்சி குடித்தாள். அவ்வளவுதான்.

ஜூலை 21
கொல்லிமலை முழுக்கப் பனிமூட்டம். எதிர்வீட்டுப் பலாமரம்கூடத் தெரியவில்லை. கண் திறந்ததும் ஆயா கேட்டது ஒன்றுதான்: "விதையை வெயில்ல வெச்சியா கண்ணு?" வெயிலுக்கு நான் எங்கே போவேன்.

ஜூலை 22
பரணிலிருந்து பானையை இறக்கினேன். சாம்பல் கலந்து வைத்த மல்லியசாமை, ஒன்றரைப் படி இருக்கும். அள்ளினால் விரலிடுக்கில் வழுகி ஓடுகிறது. ஒரு காலத்தில் எங்கள் வளப்பூர் நாட்டில் சாமையும் கேழ்வரகும்தான் சோறு. இப்போது எந்தச் சரிவைப் பார்த்தாலும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரம். கிழங்கு லாரி ஏறிக் கீழே ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைக்குப் போனால் கையில் காசு. சாமையை யார் இடிப்பது? உரலில் மணிக்கணக்காக இடித்தது பெண்கள்தானே. ஆயாவின் வலது தோள் இன்றும் இறங்கித்தான் இருக்கிறது. விட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை என்று ஆயா ஒவ்வொன்றாகச் சொல்லும்போது, செத்துப்போன சொந்தக்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி இருக்கிறது.

ஜூலை 25
மூச்சு வாங்குகிறது. ராத்திரி யாரும் தூங்கவில்லை.

ஜூலை 28
நாமக்கல்லுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். மலையடிவாரத்துக் காரவள்ளி போய்ச் சேர 70 கொண்டை ஊசி வளைவு. போன தடவை ஆயாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பலகையில் இருந்த எண்களைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் கை என் புடவையை இறுக்கிப் பிடித்தது. பாதி தூரத்துக்குள் மூன்று முறை வாந்தி. மருத்துவம் கீழே இருக்கிறது, சரி. அதுவரை தாங்க வேண்டுமே.

ஆகஸ்ட் 2
செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. வண்டி வண்டியாக ஆட்கள் ஏறுகிறார்கள். நாளைக்கு ஆடிப் பதினெட்டு, அறப்பளீசுவரர் கோயிலிலும் ஐயாற்றங்கரையிலும் கால் வைக்க இடமிருக்காது. அவ்வளவு வண்டி ஏறும்போது ஓர் ஆம்புலன்ஸ் எப்படி இறங்கும்? காலையிலிருந்து இதே நினைப்பு.

ஆகஸ்ட் 3
இறங்கவில்லை. கஞ்சி ஒரு தம்ளர்!

ஆகஸ்ட் 5
வெயில்! முறத்தில் சாமையைக் கொட்டி வாசலில் வைத்தேன். ஆயாவைத் திண்ணையில் சாய்த்து உட்காரவைத்தோம். ஒரு பிடி எடுத்து ஊதினாள், நாலு மணியை வாயில் போட்டுக் கடித்தாள். "இன்னும் காயணும்" என்றாள். மேல்காட்டில் கால் ஏக்கர் உழுது தருகிறேன் என்று மாமா சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் 6
மறுபடியும் மூச்சு. வண்டி சொல்லியாகிவிட்டது, விடியற்காலை 5 மணிக்கு. பானையையும் வண்டியில் ஏற்றணுமாம்.