முகத்துக்கும் கேமராவுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர்

கையில் இருந்தவை 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார் கொண்ட) கேமரா ஒன்று, அதோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ், தனியாக ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். முகம் நன்றாக விழ எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று பார்ப்பதற்காகத் தொடங்கிய சோதனைகள் இவை. அப்பர்ச்சரில்தான் (லென்ஸ் திறப்பின் அளவு; எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது) விஷயம் இருக்கிறது என்ற எண்ணத்தில் ஆரம்பித்து, கடைசியில் தரையில் டேப் ஒட்டித் தூரம் அளக்கும் வேலையாக முடிந்தது.

முதல் சோதனை மிக எளிது. ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து, தலை ஃபிரேமில் ஒரே உயரத்துக்கு வரும்படி மூன்று இடங்களிலிருந்து எடுக்க வேண்டும். லென்ஸின் குவியத் தூரம் (குறையக் குறையக் காட்சி அகலும்) 18 மி.மீ. என்றால் 54 செ.மீ. தூரம், 35 மி.மீ. என்றால் 1.05 மீட்டர், 50 மி.மீ. என்றால் 1.5 மீட்டர். வெளிச்சம், அப்பர்ச்சர் எதையும் மாற்றக் கூடாது. முதல் படத்தில் மூக்கு முன்னால் புடைத்து நிற்கிறது, காதுகள் கன்னத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. மூன்றாவதில் முகம் நேரில் பார்ப்பதுபோலவே இருக்கிறது. கணக்கு போட்டால் காரணம் தெரிந்துவிடும். மூக்கு நுனியிலிருந்து காதுவரை சுமார் 12 செ.மீ. ஆழம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு 54 செ.மீட்டரில் இருந்தால் காது 66-இல் இருக்கும். அதனால் காதோடு ஒப்பிட மூக்கு 22 சதவீதம் பெரிதாக விழும். 1.5 மீட்டரில் இந்த வித்தியாசம் 8 சதவீதம்தான். 3 மீட்டருக்குப் போனால் 4 சதவீதம். அங்கே முகம் கொஞ்சம் தட்டையாகத் தெரிய ஆரம்பிக்கிறது.

இது லென்ஸின் குணம் என்று பலரும் சொல்வார்கள். அதைச் சரிபார்க்க, அதே 1.5 மீட்டரில் நின்று 18 மி.மீட்டரில் எடுத்து, நடுவில் இருக்கும் முகத்தை மட்டும் வெட்டி, 50 மி.மீ. படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். மூக்கு, காது, தாடை எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தின. வெட்டிய படத்தில் 3.1 மெகாபிக்சல்தான் மிஞ்சியது, அது ஒன்றுதான் நஷ்டம். முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது நிற்கும் தூரம். அந்தத் தூரத்திலிருந்து எவ்வளவு ஃபிரேமுக்குள் வரும் என்பது மட்டும்தான் லென்ஸின் வேலை. போனில் எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். கையை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிவதும் இதனால்தான். இரண்டு எட்டு பின்னால் போய் 2 மடங்கு ஜூமில் எடுத்தால் சரியாகிவிடும்.

அடுத்து அப்பர்ச்சர். எஃப் 1.8 கையில் இருக்கும்போது அதிலேயே எடுக்கத் தோன்றும். 1 மீட்டர் தூரத்தில் 50 மி.மீ. எஃப் 1.8-இல் கூர்மையாக இருக்கும் ஆழம் மொத்தமே 2.9 செ.மீ. முகத்தை 45 டிகிரி திருப்பி உட்காரவைத்தால் ஒரு கண்ணைவிட இன்னொரு கண் நாலரை செ.மீ. பின்னால் போய்விடும். கிட்டத்துக் கண்ணில் இமைமுடி ஒவ்வொன்றாக எண்ணலாம், அந்தப் பக்கத்துக் கண் பஞ்சாகிவிடும். இரண்டும் தெளிவாக வர அதே 1 மீட்டரில் எஃப் 5.6 வரை மூட வேண்டியிருந்தது. 1.5 மீட்டருக்குப் பின்வாங்கினால் எஃப் 2.8-லேயே 10 செ.மீ. ஆழம் கிடைக்கிறது. மூக்கும் அடங்கியது, இரண்டு கண்ணும் கிடைத்தன, வெளிச்சத்தில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) மிச்சம். அன்றிலிருந்து உட்கார்ந்த போர்ட்ரெயிட்டுக்கு 1.5 மீட்டர், எஃப் 2.8 என்பதுதான் என் தொடக்கப் புள்ளி.

எஃப் 2.8-இல் பின்னணி கரையாதே என்ற கவலை வேண்டாம். நாற்காலியைச் சுவரிலிருந்து நகர்த்துங்கள். சுவர் அரை மீட்டர் பின்னால் இருக்க எஃப் 1.8-இல் எடுத்ததையும், 3 மீட்டர் பின்னால் இருக்க எஃப் 2.8-இல் எடுத்ததையும் பக்கத்தில் வைத்தால், இரண்டாவதில் பிளர் ஏறக்குறைய 1.7 மடங்கு அதிகம். சின்ன அறையில் 3 மீட்டர் கிடைக்காவிட்டால், திறந்த கதவைப் பின்னால் வைத்து அடுத்த அறையைப் பின்னணியாக்கலாம்.

கூர்மை தவறுவதில் இரண்டு விதம் அடிக்கடி வந்தது. நடுப் புள்ளியில் கண்ணுக்கு ஃபோகஸ் பூட்டி, பிறகு கேமராவைத் திருப்பி ஃபிரேம் போடும் பழக்கம் ஒன்று. 1 மீட்டரில் 10 டிகிரி திருப்பினாலே ஃபோகஸ் தளம் கண்ணுக்கு ஒன்றரை செ.மீ. பின்னால் நகர்கிறது. எஃப் 1.8-இல் கண் தெளிவின் விளிம்புக்குப் போய்விடுகிறது. புள்ளியையே கண் இருக்கும் இடத்துக்கு நகர்த்திவிட வேண்டும். இன்னொன்று, பேசிக்கொண்டிருப்பவர் தன்னை அறியாமல் முன்னும் பின்னும் ஆடுவது. ஒருமுறை பூட்டும் ஃபோகஸுக்குப் பதில் தொடர் ஃபோகஸில் வைத்து, கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் அதையும் போட்டதும், வீணாகும் படங்கள் வெகுவாகக் குறைந்தன. ஷட்டர் வேகம் 1/160 நொடிக்குக் கீழே இறங்குவதில்லை. லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசர் நம் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், எதிரில் இருப்பவர் தலையசைப்பதை அல்ல.

ஜன்னல் வெளிச்சத்தில்தான் அதிக நேரம் போனது, போனதும் நல்லதே. நேர் வெயில் விழாத ஜன்னலைத் தேர்ந்தெடுத்து, அறை விளக்குகளை எல்லாம் அணைக்க வேண்டும். நிற அளவில் பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், மஞ்சள் பல்பு 2700. இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் ஆரஞ்சு. ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவு) இருந்தாலும் ஒரே இழுப்பில் திருத்த முடியாது. முகம் ஜன்னலை நேராகப் பார்த்தால் நிழலே இல்லாமல் தட்டையாக விழும். முழுப் பக்கவாட்டில் உட்கார்ந்தால் பாதி முகம் இருட்டு. ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தவரின் மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விலகத் திருப்பச் சொல்லி, நிழல் பக்கக் கன்னத்தில் கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன முக்கோண வெளிச்சம் மிஞ்சும்போது நிறுத்துங்கள். அந்த இடம்தான் எனக்கு எப்போதும் பிடித்திருக்கிறது.

பெரும்பாலும் யாரும் கவனிக்காதது ஜன்னலின் கீழ்ப்பாதி. தரையை ஒட்டி இறங்கும் ஜன்னல் என்றால் தாடைக்கு அடியிலிருந்து வெளிச்சம் ஏறி, கண்குழியும் கழுத்தும் விசித்திரமாகத் தெரியும். அமர்ந்திருப்பவரின் தாடை உயரம் வரை கனமான போர்வையால் மறைத்துவிட்டேன். உடனே கண்ணில் தெரியும் வெளிச்சப்பொட்டு கருவிழியின் மேல்பாதிக்கு ஏறியது, தாடைக்கோடு தெளிந்தது. நிழல் பக்கம் அரை மீட்டரில் வெள்ளைத் தெர்மாகோல் அட்டை ஒன்றை நிறுத்தினால் நிழல் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் எழும்பும். அதே இடத்தில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் நிழல் இன்னும் ஆழமாகும். ஒல்லியான முகத்துக்கு அது வேண்டாம், அகன்ற முகத்துக்கு நன்றாக இருக்கும். சட்டை நிறமும் ஒரு ரிஃப்ளெக்டர்தான். சிவப்புச் சட்டை போட்டால் தாடைக்கு அடியில் சிவப்பு ஏறும்.

எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவு) பற்றிச் சுருக்கமாக: கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் ஆக்கப் பார்க்கும். ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரைக் கன்னத்தில் வைத்து அளந்தால், மாநிறத்துக்கு மீட்டர் சொன்னபடியே, கறுத்த தோலுக்கு ஒரு ஸ்டாப் குறைத்து, வெளுத்த தோலுக்கு ஒரு ஸ்டாப் கூட்டி வைப்பது பொருந்துகிறது. வெள்ளைச் சுவர் முன்னால் மொத்த ஃபிரேமையும் அளக்கவிட்டால் முகம் இருண்டுவிடும். நெற்றிப் பளபளப்பில் சிவப்பு சானல்தான் முதலில் வெடிக்கும் (அளவு மீறி விவரம் போய்விடும்), அதனால் வெளிச்சப் பரவலைக் காட்டும் மூன்று நிற ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

பயணத்தில் நண்பகல் வெயிலைத் தவிர்க்க முடியாது. கூரை அல்லது வாசல் நிழலின் ஓரத்திலிருந்து ஒரே ஒரு எட்டு உள்ளே, முகம் வெளியே பார்த்தபடி நிற்கவைத்தால், வெயில் பட்ட தரை கீழிருந்து நிரப்பிக் கண்குழியைத் திறந்துவிடும். இன்னும் உள்ளே போகப் போக கண் சோர்ந்து தெரியும். மரநிழல் வேண்டாம்; திட்டுத்திட்டாக வெயில், பச்சைச் சாயல் இரண்டும் சேர்ந்துவிடும். நிழலில் ஒயிட் பேலன்ஸை (நிறச் சமன் அமைப்பை) 7000 கெல்வின் பக்கம் வைத்தால் நீலம் போகும். 18 மி.மீட்டரில் ஆளை ஓரத்தில் நிறுத்தாதீர்கள். ஃபிரேமின் பக்கவிளிம்பில் தலை அகலவாக்கில் ஏறக்குறைய 20 சதவீதம் இழுபடும்.

கோபுரத்தோடு ஆளைச் சேர்த்து எடுக்கும்போது மறுபடி தூரம்தான் பேசுகிறது. ஆள் 2 மீட்டரில், 18 மி.மீ. வைத்தால் தொலைவில் இருக்கும் கோபுரம் குச்சிபோலத் தெரியும். 6 மீட்டர் தூரத்துக்குப் பின்வாங்கி 55 மி.மீ. வைத்தால் ஆள் அதே அளவு, கோபுரம் மூன்று மடங்கு. ஆனால் அங்கே ஒரு சிக்கல் உண்டு. 55 மி.மீட்டரில் ஆளுக்கு ஃபோகஸ் செய்தால் எஃப் 16 வரை மூடினாலும் கோபுரம் முழுத் தெளிவாக வராது, எஃப் 16-இல் மொத்தப் படமும் லேசாக மழுங்கவும் செய்கிறது. ஆளை 4 மீட்டரில் நிறுத்தி, 35 மி.மீ., எஃப் 11 வைத்து, அவருக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் தரையில் ஏதாவது ஒன்றில் ஃபோகஸைப் பூட்டினால் 2.8 மீட்டரிலிருந்து கடைசிவரை எல்லாம் தெளிவு. கோபுரம் 18 மி.மீ. படத்தில் இருந்ததைவிட இரண்டு மடங்கு. வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 200, ஷட்டர் 1/400. ஆளும் காட்சியும் நிழலில் இருந்தால் ஐஎஸ்ஓ 800, 1/200.