எக்ஸ்ரே அறை நாட்குறிப்பு: பட்டனை அமத்த முதல்

மே 5, 2025, திங்கள்

எக்ஸ்ரே எடுக்கிற பயிற்சிக்கு என்னை வன்னி ஆஸ்பத்திரி ஒன்றில் போட்டிருக்கிறார்கள். எங்கட ஊர்ப்பக்கம்தான், சாப்பாட்டுக்குக் கவலையில்லை. பொறுப்பாக இருக்கிற ரேடியோகிராபர் அக்கா மெஷின் பக்கமே கூட்டிப்போகாமல் முதலில் கையைக் கழுவிக் காட்டச் சொன்னார். சவர்க்காரம் போட்டால் 40 முதல் 60 விநாடி, அல்ககோல் தடவினால் 20 முதல் 30 விநாடி என்று எல்லோரும் ஒப்புவித்தோம். அவர் பார்த்தது பெருவிரலையும் விரல் நுனியையும் யார் தேய்க்கிறார்கள் என்பதைத்தான்.

அப்புறம் பெயர் கேட்கிற விதம். "நீங்கள்தானே இன்னார்?" என்று கேட்கவே கூடாதாம். காது மந்தமான ஐயா எதற்கும் "ஓம்" என்பார், பிறகு வேறொருவரின் இடுப்பைத்தான் படம் எடுத்து வைத்திருப்போம். "முழுப்பெயரைச் சொல்லுங்கோ" என்று கேட்டு, பிறந்த திகதியையும் கேட்டு, டொக்டர் எழுதின துண்டோடு ஒப்பிட வேண்டும். ஆனால் இடப்பெயர்வில் பத்திரங்களையெல்லாம் தொலைத்த வயதானவர்களிடம் திகதி கேட்டால் சிரிக்கிறார்கள். அதற்கு அடையாள அட்டையும் கிளினிக் கொப்பியும். எந்த அவயவம், இடமா வலமா என்பதையும் அவர்கள் வாயால் சொல்லவைத்து, கையாலும் தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும்.

மே 7, புதன்

இன்று முழுக்கத் தூக்கலும் நகர்த்தலும். மோட்டார் சைக்கிளில் விழுந்த பையன், கழுத்தை அசையாமல் பிடிக்கிற கொலர் போட்டிருந்தது. கழுத்துக்கு முதல் படம் கிடந்தபடியே, எக்ஸ்ரேக் கதிர்களைப் பக்கத்திலிருந்து கிடையாக விட்டு எடுக்கிறது, அதற்கு ஆளைப் புரட்டத் தேவையில்லை. முதுகுப் பலகையை எடுக்கத்தான் புரட்ட வேண்டியிருந்தது. ஒருவர் தலையைப் பிடிக்க, மூன்று பேர் தோள், இடுப்பு, காலைப் பிடிக்க, இன்னொருவர் பலகையை இழுத்தார். தலையைப் பிடிக்கிறவர் சொல்லும்வரை யாரும் அசையக் கூடாது, டொக்டராக இருந்தாலும்தான். இந்தச் சட்டம் எனக்கு நல்லாப் பிடித்திருக்கிறது.

மற்றது குழாய்கள். மூத்திரக் குழாயில் மாட்டின பை எப்போதும் சலப்பைக்கு (உடம்புக்குள் மூத்திரம் சேர்கிற பை) கீழே இருக்க வேண்டும். ஆளைத் தள்ளுகிற ரொலியை மாற்றும்போது அதைத் தூக்கி வயிற்றில் வைப்பது எல்லா இடத்திலும் நடக்கிற வேலை, பையிலிருக்கிறது திரும்ப உள்ளே போகும். நெஞ்சுக்குள் தங்கின காற்றை வெளியேற்றுகிற குழாயின் தண்ணீர்ப் போத்தலும் அப்படித்தான், நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கவே கூடாது. கொண்டுபோகச் சுகம் என்று நாமாக அந்தக் குழாயைக் கிளிப் போட்டு அடைப்பது அதைவிட மோசம், காற்றுக் கசிகிற நுரையீரல் என்றால் உள்ளே அழுத்தம் ஏறிவிடும். ரொலியைத் தொட முதல் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு போகச் சொன்னார் அக்கா. செய்து பார்த்தேன், போர்வைக்குக் கீழே கட்டில் கம்பியில் சுற்றிக் கிடந்த சேலைன் குழாய் அகப்பட்டது.

மே 9, வெள்ளி

கல்யாணம் கட்டிக் கொஞ்ச நாளான ஒரு பிள்ளை இடுப்பு எக்ஸ்ரேக்கு வந்தாள், கூடவே மாமியார். கர்ப்பமா என்ற கேள்வியை மாமியாருக்கு முன்னால் கேட்டால் கிடைக்கிற பதிலை நம்பக்கூடாது. "அம்மா, நீங்கள் வெளியில இருங்கோ, கதிர் படும்" என்று சொல்லி ஆளை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக் கேட்டேன். கடைசியாக மாதவிலக்கு வந்த திகதி? பிந்தியிருக்கிறதா? பிந்தவில்லை, சந்தேகமுமில்லை என்றால் சாதாரணப் படத்தை எடுக்கலாம். வயிற்று சி.ரி. ஸ்கான் போலக் கதிர் கூடியதற்கு மாதவிலக்குத் தொடங்கி முதல் பத்து நாளுக்குள் எடுக்கச் சொல்கிற வழக்கமும் உண்டு. பிந்தியிருந்தால் டொக்டரோடு கதைக்காமல் கையே வைக்கக் கூடாது.

உடுப்பு மாற்ற ஒரு மறைப்புத்தான் இருக்கிறது, அதிலும் கீழே ஒரு முழம் இல்லை. நோயாளியின் மானம் மரியாதை பற்றி வகுப்பில் ஒரு அத்தியாயமே படித்தோம். ஒரு துணி தைத்துப் போட எவ்வளவு செலவாகும் என்று தெரியவில்லை.

மே 14, புதன்

வெசாக் லீவு முடிந்த கூட்டம். சந்தியில், 2009இல் போர் முடிந்த நாட்களின் நினைவாக, முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள், சிலர் அதைக் குடித்துவிட்டுத்தான் வரிசைக்கு வந்தார்கள்.

ஒரு அக்காவுக்கு எம்.ஆர்.ஐ. எழுதியிருக்கிறது, அதற்கு முதல் கண்குழிக்கு எக்ஸ்ரே. எம்.ஆர்.ஐ. மெஷினின் காந்தம் இரும்பு போன்ற உலோகத்தை இழுக்கும், கண்ணுக்குள் சின்ன இரும்புத் துகள் இருந்தாலும் அது அசைந்து பார்வையே போகலாம், அதனால்தான் இந்தச் சோதனை. படிவத்தில் "உடலில் உலோகம் உண்டா?" என்று ஒரு வரி, பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு பெட்டி. வேறு ஊரில் அரை நிமிட வேலையாக இருக்கும். இங்கே நான் கேட்டவுடன் அவர் "எது, ஷெல் துண்டோ?" என்றார். தோளில் ஒன்று, முதுகில் எத்தனையென்று தெரியாதாம், 2009இல் பட்டது, எடுத்தால் நரம்பு பாதிக்கும் என்று அப்படியே விட்டுவிட்டார்களாம். அன்று பக்கத்தில் படுத்திருந்த தங்கச்சியைப் பற்றியும் சொன்னார். வெளியே வரிசை நீளுகிறது, ரேடியோகிராபர் அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், அவசரப்படுத்தாதே என்று. நான் பேனையை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்து அவராகவே "சரி, எங்கை நிக்கிறது?" என்றார். கண்குழிப் படம் சுத்தம். தோளிலும் முதுகிலும் இருக்கிறதைப் படிவத்தில் ஒவ்வொன்றாக எழுதினோம், எம்.ஆர்.ஐ. எடுக்கிறவர்கள்தான் முடிவு செய்வார்கள்.

மே 16, வெள்ளி

நெஞ்சு எக்ஸ்ரேக்கு ஒரு ஐயா, ஒரு கால் பொய்க்கால். கதிரையில் இருத்தி எடுப்போமா என்று கேட்டேன். "நான் வயல் செய்யிற ஆள் பிள்ளை, நிப்பன்" என்றார். நிற்கட்டும், ஆனால் பிடிக்க ஸ்ராண்டின் கைபிடியைக் காட்டி, பின்னால் சக்கரம் பூட்டின கதிரையையும் வைத்தேன். நாடியை உயர்த்தி, தோளை முன்னுக்குத் தள்ளி, "மூச்சை நல்லா இழுங்கோ, அடக்குங்கோ" என்று சொல்ல முதல் ஒரு தடவை வெறுமனே பழக்கியும் பார்த்தோம். அதைச் செய்தால் இரண்டாம் படம் தேவைப்படுவது குறைவு, கதிரும் மிச்சம்.

படம் திரையில் வந்ததும் அவர் எட்டிப் பார்த்து "என்ன பிள்ளை தெரியுது?" என்றார். இதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. எனக்குத் தெரிந்தாலும் சொல்லக்கூடாது, முகத்தையும் ஒரே மாதிரி வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் திரையை விட எங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். "படம் வடிவா வந்திருக்கு ஐயா, டொக்டர் பாத்துச் சொல்லுவார், ஏழாம் அறையில இருக்கிறார்" என்றேன். "வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்து போகலாமோ எண்டு அவரிட்டையே கேக்கிறன்" என்று கொப்பியை வாங்கிக்கொண்டு போனார்.

திங்களிலிருந்து வார்டுகளில் மொபைல் எக்ஸ்ரே மெஷின். அதற்குப் போகிறவர்கள் கதிர் படாமல் போடுகிற ஈய ஏப்ரனைக் கொண்டுபோய் அங்கேயே மறந்துவிட்டு வருகிறார்களாம், அக்கா இன்றைக்கே சொல்லிவிட்டார்.